நெதெல்யா நிற்கும் மூலை

நெதெல்யாவின் நிழல் அவள் கணவன் வீட்டின் தென்கிழக்கு மூலைச் சுவருக்குள் இருக்கிறது. வெயில் உள்ள நாட்களில் பொழுது சாயும்போது அது கல்லை விட்டு வெளியே வந்து பாதையில் விழும். மேகம் மூடிய நாட்களில் வராது. அந்த நேரத்தில் நெதெல்யா எங்கே இருக்கிறாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மெலித்ஸா கிராமத்தில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கீழே நகரத்துக்குப் போகும் பேருந்து எந்தெந்தக் கிழமைகளில் வரும் என்பதைப் போல இதுவும் எல்லோருக்கும் தெரிந்த தகவல்.

வீடு அவள் கணவன் லியூபெனின் கொள்ளுத்தாத்தா கட்டியது. அவர் கம்பளி வியாபாரி. கீழ்த்தளம் முழுக்கக் கல், ஆடுகளுக்கு. மேல்தளம் மரமும் மண்ணும், பாதைக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். கூரைக்கு ஓடு கிடையாது, தட்டைக் கற்பலகைகள். ரோடோப்பி மலையில் இப்படி நிறைய வீடுகள் இருந்தன, பாதி விழுந்துவிட்டன. லியூபெனின் அப்பா செத்த பிறகு இந்த வீடும் பூட்டிக் கிடந்தது. சமையல்கட்டின் நடுவே ஒரு வாதுமை மரம் முளைத்துக் கூரையைத் தூக்கியிருந்தது. லியூபென் அதைப் பற்றிக் கவலைப்பட்டவன் அல்ல. சமவெளியில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நெதெல்யா பிளாஸ்டிக் ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் இருந்தாள். சட்டங்களின் மூலைகளைச் சூடாக்கி ஒட்டுகிற இயந்திரம் அவளுடையது. ஒரு தடவை அது அவளுடைய சுண்டுவிரலை நசுக்கி, விரல் கோணலாகவே கூடிவிட்டது. தலைமுடியில் உருகிய பிளாஸ்டிக் வாடை எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. தொழிற்சாலையை மூடியபோது மற்ற பெண்கள் அழுதார்கள். அவள் வீட்டுக்கு வந்து, உன் அப்பா வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள்.

"அது வீடா? கழுதை கூட உள்ள போக யோசிக்கும்" என்றான் லியூபென்.

"கழுதை யோசிக்கட்டும். நீ வண்டியை எடு."

அவள் பிறந்தது சமவெளியில், செங்கல் வீட்டில். மலை வீட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரிந்துகொண்டாள். முதலில் ஒரு சட்டம் போட்டாள்: இந்த வீட்டுக்குள் ஒரு விரல் அளவு பிளாஸ்டிக் வரக்கூடாது. சிமென்ட் வரக்கூடாது. களிமண், சுண்ணாம்பு, ஆட்டுமுடி, ஓக் மரம், கல், அவ்வளவுதான். இடிந்த வீடுகளில் ஏறி இறங்கிப் பழைய கதவுகளையும் கொண்டிகளையும் சேர்த்தாள். மாவட்டத் தலைநகரில் இருந்த பாரம்பரியக் கட்டட அலுவலகத்துக்குத் தானே போய், எங்கள் வீட்டைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவியுங்கள் என்று கேட்டாள். அங்கே இருந்த அதிகாரி அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அந்த அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும், எங்கள் வீட்டை உங்கள் பட்டியலிலிருந்து எடுங்கள், இடிக்க வேண்டும் என்று கெஞ்சத்தான் வருவார்கள். இப்படி ஒருத்தி வந்தது அதுவே முதல் தடவை. ஒரே ஒரு நிபந்தனை, வேலை முடிந்து ஒப்புதல் ஆன பிறகு ஒரு கல்லைக் கூட இடம் மாற்றக்கூடாது என்றாள் அதிகாரி. அதைத்தானே நானும் கேட்கிறேன் என்றாள் நெதெல்யா.

மேஸ்திரியாக வந்தவன் ராங்கெல், பக்கத்து ஊர்க்காரன். அவன் கட்டியதெல்லாம் கான்கிரீட் கார் கொட்டகைகள். களிமண் வேலையைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவன் அப்பா குடித்துவிட்டுச் சொன்னது மட்டும்தான். வேறு ஆள் கிடைக்காததால் அவன் வந்தான். வந்த நாளிலிருந்து புலம்பினான்.

"ஒரே ஒரு மூட்டை சிமென்ட் போடலாம் அக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"ஆட்டுமுடி வேற கேக்கறீங்க. எங்க போய்ப் புடுங்கறது, என் தலையிலயா?"

"அங்க என்ன இருக்கு புடுங்க?" என்றாள். அவனுக்கு வழுக்கை. ஆட்கள் சிரித்தார்கள். அவளே மேய்ச்சல்காரர்களிடம் அலைந்து முடி கொண்டுவந்தாள், களிமண்ணைக் காலால் மிதித்தாள். கற்களுக்கு நடுவே பூசிய மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்துவிட வேண்டும், கரண்டியால் தேய்க்கக்கூடாது என்று ஆட்களுக்குக் காட்டிக்கொடுத்தாள். அந்த வருடம் அவள் கட்டைவிரலில் ரேகை இல்லை.

மூன்று மூலைகள் நின்றன. தென்கிழக்கு மூலை விழுந்தது. மறுபடி கட்டினார்கள், விழுந்தது. அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தார்கள், கெட்டியான பாறை, ஒரு குறையும் இல்லை. வடிகால் வெட்டினார்கள். கல்லை மாற்றினார்கள். கல் வரிசைகளுக்கு நடுவே படுக்கவைக்கிற மரச்சட்டத்தைப் புதிதாக அறுத்துப் போட்டார்கள். தோள் உயரம் வந்ததும் அது ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். கோடை முடிந்துகொண்டிருந்தது. மேல்தளம் முட்டுக்கட்டைகளில் தொங்கிக்கொண்டிருந்தது, பனி விழுந்தால் மொத்தமாகச் சாய்ந்துவிடும். ஊரில் ஒரே கடை வெலிகாவுடையது. உப்பும் ஆணியும் விற்பாள், மூன்று மேசை போட்டுச் சாராயமும் ஊற்றுவாள். லியூபென் அங்கே போய் உட்கார்ந்தால் போதும், எவனாவது ஆரம்பிப்பான்.

"என்னப்பா, மூலை எப்படி இருக்கு? உக்காந்திருக்கா, படுத்திருக்கா?"

"பொண்டாட்டி சொன்னா எந்திரிக்கும்யா. இவனே அப்படித்தானே எந்திரிக்கிறான்."

லியூபென் சிரிப்பான். கோப்பையைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்துப்போகும்.

கடைசியாக விழுந்த அன்று நெதெல்யா, இடிந்த கற்குவியல் மேல் நின்றுகொண்டு ராங்கெலைப் பார்த்துக் கத்தினாள்: "உங்க கொள்ளுத்தாத்தனுங்க கட்டினது எப்படிய்யா நின்னுச்சு? அவங்க என்ன பண்ணாங்களோ அதைப் பண்ணு. ஒண்ணு விடாம பண்ணு!" ராங்கெல் லியூபெனைப் பார்த்தான். லியூபென் தரையைப் பார்த்தான். சமவெளிக்காரிக்குத் தெரியாவிட்டாலும், அந்த மலையில் பிறந்த எவனுக்கும் 'ஒண்ணு விடாம' என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும். நிற்காத சுவருக்கு ஒரு ஆளின் நிழலைக் கயிற்றால் அளந்து, கயிற்றைக் கல்லுக்கு அடியில் வைத்துக் கட்டுவார்கள். சுவர் நிற்கும். அளக்கப்பட்டவர் நாற்பது நாளுக்குள் போய்விடுவார். நிழல் மட்டும் இருந்து கட்டடத்தைக் காக்கும். ஆற்றின் மேல் உள்ள கல் பாலங்களில் ஆளில்லாத பாலம் ஒன்று கூட இல்லை. நல்ல மேஸ்திரிகள் வழிப்போக்கன் யாராவது வருகிறவரை காத்திருப்பார்கள். ஆனால் மெலித்ஸாவுக்கு இப்போது வழிப்போக்கர்கள் வருவதில்லை.

மறுநாள் காலை வெயில் நன்றாக இருந்தது. லியூபென் கைபேசியை எடுத்துக்கொண்டு வந்து, வேலை நடக்கிற இடத்தில் உன்னை ஒரு படம் எடுக்கிறேன் என்றான். பல வருடங்களாக அவன் அவளைப் படம் எடுத்ததில்லை. அவள் கையைக் கழுவிக்கொண்டு, தலையில் கட்டியிருந்த துணியைச் சரி செய்துகொண்டு வந்து நின்றாள். கொஞ்சம் இடப்பக்கம் வா என்றான். வெயிலுக்கு முதுகைக் காட்டு, முகத்தை மட்டும் இங்கே திருப்பு, அசையாதே, சிரி என்றான். அவள் சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போது ராங்கெல் தரையில் உட்கார்ந்து கல் பொறுக்குவதுபோல அவள் காலடியிலிருந்து நிழலின் தலை நுனிவரை கயிற்றை ஓட்டினான். படம் நன்றாக வந்தது.

மூலை அந்த வாரமே எழுந்தது. பனிக்கு முன்னால் முட்டுக்கட்டைகளை எடுத்தார்கள். நெதெல்யா வீட்டுக்குள்ளேயே பூச்சு வேலையில் மூழ்கியிருந்ததால் தன் காலடியை அவள் பார்க்கவில்லை. வெளியே வந்த நேரங்களில் நிழல் இருந்தது, பாத்திரம் கழுவிய தண்ணீரைப் போல வெளிறி இருந்தது. அவள் கவனித்தது வேறொன்றை. ஊர் அவளிடம் பிரியமாகிவிட்டது. வெலிகா சுடச்சுட பனித்ஸா கொடுத்தனுப்பினாள், மாவு அடுக்குகளுக்கு நடுவே நிறைய வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வைத்து. வாய்க்கால் தண்ணீருக்காக அவளோடு கட்டிப்புரளாத குறையாகச் சண்டை போட்ட ஸ்தமாத் கிழவன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "மன்னிச்சிரு நெதெல்யா, என்ன இருந்தாலும் நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது" என்றான். வழியில் பார்த்த பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விட மனமில்லாமல் நின்றார்கள். பாதிரியார் கேட்காமலேயே தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவள் அழுதுவிட்டாள்.

"இந்த ஊர் என்னை ஏத்துக்கிச்சு, லியூபென்."

லியூபென் மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டு, ரொட்டி நன்றாக இருக்கிறது என்றான்.

நாற்பது நாள் கழிந்த மறுநாள் காலை அவள் உப்பு வாங்கக் கடைக்குப் போனாள். மூன்று மேசைகளும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தன. வெலிகாவின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"இன்னும் இருக்கியா?"

"உப்பு இன்னும் இருக்கான்னு நான்தான் உன்னைக் கேக்கணும்" என்றாள் நெதெல்யா சிரித்துக்கொண்டு. யாரும் சிரிக்கவில்லை. அடுப்பில் ஒரு பெரிய சட்டி நிறையக் கோதுமை வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சர்க்கரையும் உடைத்த வாதுமையும். செத்தவர்களுக்குத்தான் அந்த ஊரில் அப்படிக் கோதுமை வேக வைப்பார்கள்.

"யாருக்கு?"

வெலிகா இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "உனக்குத்தான்டி. நீயே சம்மதிச்சுத்தான் குடுத்தேன்னு லியூபென் சொன்னான். உன் நிழலை. அப்பேர்ப்பட்ட பொம்பளைன்னு நாங்கல்லாம் நெனச்சோம்." பிறகு, கடைக்காரி அல்லவா, பொருள் வீணாவதைப் பொறுக்கமாட்டாமல், "வேக வெச்சது வெச்சாச்சு. ஒரு கிண்ணம் சாப்பிடறியா?" என்றாள்.

நெதெல்யா உட்கார்ந்து சாப்பிட்டாள். சர்க்கரை கொஞ்சம் குறைச்சல் என்றாள். மேசைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பனித்ஸாவும் தொப்பியும் பிடித்த கைகளும் என்னவென்று அவளுக்கு அப்போது விளங்கியது. அவர்கள் அவளை வரவேற்றுக்கொண்டிருக்கவில்லை, வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வெயிலில் வந்து நின்று காலடியைப் பார்த்தாள். வேலியின் நிழல் இருந்தது, கோழியின் நிழல் இருந்தது.

வீட்டில் லியூபென் ஏணியில் நின்று ஜன்னல் கதவு மாட்டிக்கொண்டிருந்தான்.

"என் நிழல் எங்க?"

அவன் திருப்புளியை நிறுத்தவில்லை. "சுவத்துல."

"உன்னோடதைக் குடுத்திருக்கலாமே?"

"நான் போயிட்டா வீடு யாருக்கு? எங்கப்பா வீடு, நெதெல்யா."

"நான் போனா?"

"நீ ஆசைப்பட்ட மாதிரி நிக்கும்ல."

"சிரிக்கச் சொன்னியேடா."

"நல்லாத்தான் வந்திருக்கு" என்றான் லியூபென். சட்டைப்பைக்குள் கை விட்டான், காட்டுவதற்கு. அவள் ஏணியைத் தள்ளிவிடவில்லை. தள்ளிவிட்டிருக்கலாம் என்று பிற்பாடு ஊரில் பலர் சொன்னார்கள், வீடு கட்டி முடிந்துவிட்டதால்.

ராங்கெலை அவள் இன்னொரு ஊரில் பிடித்தாள். கார் கொட்டகைக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் சிலுவைக்குறி போட்டான்.

"நீங்க போயிருக்கணும் அக்கா. கம்பளி நூல் மக்க மக்க ஆளும் போயிருவாங்க, எங்கப்பா அப்படித்தான் சொன்னார். நானும் ஏன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

"கம்பளி நூல்லதான் அளந்தியா?"

ராங்கெல் காலால் சிமென்ட் கலவையைக் கிளறினான். "அன்னைக்குக் கையில நூல் இல்ல. வண்டியில மீன் பிடிக்கிற கயிறு இருந்துச்சு."

"என்ன கயிறு?"

"நைலான்."

நெதெல்யா அவனை அறைந்தாள். நிழலை எடுத்ததற்காகவா, அந்த வீட்டுக்குள் நைலானை வைத்ததற்காகவா என்று ராங்கெலுக்கு இன்றுவரை தெரியவில்லை. கணக்கு என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. நைலான் மக்காது. ஆகவே அவள் போகவும் மாட்டாள், நிழல் திரும்பி வரவும் வராது. சுவரைப் பிரித்துக் கயிற்றை எடுத்தால் ஒழிய வேறு வழி இல்லை.

நிழல் இல்லாமல் இருப்பதில் என்ன கஷ்டம் என்று லியூபென் கேட்டான், அது என்ன சமைத்துப் போட்டதா, துணி துவைத்ததா என்று. கஷ்டம் இருந்தது. வெயில் நேரத்தில் நாய்கள் அவள் காலடியில் வந்து படுப்பதில்லை. ஊர்க் குழந்தைகளின் கண்ணுக்கு மறைப்பாகக் கை நீட்டினால் வெயில் கையின் வழியாகப் போய் அவர்கள் முகத்தில் விழும். எங்கே நின்றாலும் இன்னும் வந்து சேராதவள் போல இருந்தது அவளுக்கு. கடையில் ஆட்கள் அவளைத் தாண்டி அடுத்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை.

அவள் பாரம்பரியக் கட்டட அலுவலகத்துக்குப் போய், தென்கிழக்கு மூலையைப் பிரிக்க அனுமதி கேட்டாள். அதிகாரி அம்மா நேரிலேயே வந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள், மண் பூச்சைத் தடவிப் பார்த்தாள், மாலைவரை இருந்து நிழல் பாதையில் விழுவதையும் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு உண்மையான சீரமைப்பை என் வேலைக்காலத்தில் பார்த்ததே இல்லை, நிழல்கூட அதன் இடத்தில் இருக்கிறது என்றாள். நெதெல்யா தன்னிடம் இருந்த கடைசிச் சீட்டை இறக்கினாள்: உள்ளே இருப்பது நைலான், பழைய பொருள் அல்ல, ஆகவே இது உண்மையான வேலை இல்லை. அதிகாரி யோசித்தாள். வெளியே தெரியாதவரை எங்கள் அலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை என்றாள். ஒரு கல்லைக் கூட இடம் மாற்றக்கூடாது என்று கிளம்பும்போது நினைவுபடுத்தினாள், வருத்தத்தோடுதான்.

வசந்தத்தில் ஒரு மத்தியானம் நெதெல்யா கடப்பாரையை எடுத்தாள். யாருடைய அனுமதியும் இனி வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். லியூபென் தடுக்கவில்லை, உள்ளே போய் வானொலியைச் சத்தமாக வைத்தான். வெலிகாவின் கடையில் இருந்தவர்கள் நாற்காலிகளைப் பாதைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அவள் இடுப்பு உயரத்தில் இரண்டு கற்களுக்கு நடுவே கடப்பாரையைச் செருகி நெம்பினாள். அவளே மிதித்த மண், அவளே கொண்டுவந்த ஆட்டுமுடி, லேசில் விடவில்லை. பிறகு விட்டது. கல் ஒரு விரற்கடை வெளியே வந்தது. அந்த இடைவெளியில் இருட்டாக ஒரு கை தெரிந்தது. நாலு விரலும், கோணலான சுண்டுவிரலும்.

"நான்தான்" என்றாள் நெதெல்யா. "வா."

கை கல்லின் உட்புறத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. கல் திரும்ப உள்ளே போனது. அவள் மறுபடி நெம்பினாள். அது மறுபடி இழுத்தது. இரண்டு பேருக்கும் ஒரே பலம். அவளுக்கு எப்போது மூச்சு வாங்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது, அந்த நேரம் பார்த்து இழுத்தது. "விடுடி" என்றாள். கேட்கவில்லை. கடைசியில் அவள் கை தளர்ந்தபோது, கல் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. விளிம்பில் உதிர்ந்திருந்த மண்ணை உள்ளிருந்து வந்த கட்டைவிரல் ஒன்று அழுத்தி, ஒரே இழுப்பாக இழுத்துவிட்டது. கரண்டியால் தேய்த்ததுபோல இல்லாமல், அவள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி.

புருஷன் வீட்டின் பக்கம் நின்றான், மேஸ்திரி நின்றான், ஊர் நின்றது, சட்டம் நின்றது. இதுவும் நின்றது. அவள் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"விட்ரு நெதெல்யா, அதுக்கு அங்க பிடிச்சிருக்கு" என்றாள் வெலிகா கடை வாசலிலிருந்து. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

அந்த வாரமே அவள் கீழே நகரத்துக்குப் போய்விட்டாள். ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் கான்கிரீட் அடுக்குமாடிகளில் ஒன்றில் நாலாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல்கள். அந்தக் கட்டடத்துக்கு யாருடைய நிழலும் தேவைப்படவில்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே விளக்குகள் எல்லாப் பக்கமிருந்தும் எரிவதால் யாருக்குமே நிழல் கிடையாது, ஆகவே அவளை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. விவாகரத்து சீக்கிரமே முடிந்தது. வீட்டில் பங்கு வேண்டுமா என்று நீதிபதி கேட்டதற்கு, என் பங்கை அது ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது என்றாள். அப்படியே பதிவு செய்தார்கள்.

லியூபென் வீட்டைத் தங்கும் விடுதியாக்கினான். தலைநகரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், பழைமை மாறாமல் இருக்கிறது என்று மூலையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். லியூபெனுக்குத்தான் நிம்மதி இல்லை. குளியலறைக்கு அவன் வாங்கிவந்த பிளாஸ்டிக் வாளி மறுநாள் பாதையில் கிடந்தது. தொலைக்காட்சிக்கு மாட்டிய டிஷ் ஆன்டெனா இரண்டு தடவை ஆற்றுப்பக்கம் கிடைத்தது. வருடா வருடம் ஈஸ்டருக்கு முன்னால் சுண்ணாம்பு அடிக்காவிட்டால் கதவுகள் வீங்கிக்கொண்டு திறக்காது. கூரைப் பலகை ஒன்று நகர்ந்தாலும் அவன் படுக்கைக்கு மேலே மட்டும் ஒழுகும். நெதெல்யாவோடு இருந்த காலத்தில் அவன் இத்தனை வேலை செய்ததில்லை. மூன்றாவது வருடம் அவன் நகரத்துக்கு இறங்கிவந்து சலவைக்கூடத்து வாசலில் காத்திருந்தான்.

"கிழவனாயிட்டேன் நெதெல்யா. அது எங்கிட்ட பேசவே மாட்டேங்குது. நீயாச்சும் வந்து ஒரு வார்த்தை சொல்லேன்."

"என்ன சொல்லணும்?"

"கொஞ்சம் விட்டுக்குடுக்கச் சொல்லு. ஒரு வாளி, ஒரே ஒரு வாளி."

"அது எனக்கு வேண்டியவ இல்ல லியூபென். உங்க வீட்டுக்காரி. நீயே பேசிக்க" என்றுவிட்டு அவள் பேருந்து ஏறினாள்.

மலையில் குளிர்காலத்து வெயில் தாழ்வாக வரும். வருடத்தின் மிகக் குறுகிய பகல்களில், சூரியன் முகட்டுக்குப் பின்னால் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, மூலையிலிருந்து கிளம்பும் நிழல் பாதையோடு நிற்காது. சரிவில் இறங்கி, பைன் மரங்களைத் தாண்டி, ஆற்றைக் கடந்து நகரத்துக்குள் வரும். அந்த நேரத்துப் பேருந்து ஓட்டுகிறவர் பாலத்தின் மேல் வந்ததும் முன்விளக்கைப் போட்டுக்கொள்வார். ஆற்றங்கரைக் கடைக்காரர்கள் வெளியே தொங்கவிட்ட துணிகளை உள்ளே எடுப்பார்கள், இனி அவை காயாது. நிழல் அடுக்குமாடியின் மேல் ஏறி நாலாவது மாடி ஜன்னலில் வந்து நின்றுகொள்ளும். எதற்கு வருகிறது என்று தெரியவில்லை, யாரும் கேட்டதுமில்லை. நெதெல்யா எழுந்து திரையை இழுத்துவிட்டு, காப்பிக்குத் தண்ணீர் வைப்பாள்.